முனியாண்டி விட்டுக்கொடுத்த வாசல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் முன்னால் போகாமல் கடைவீதிக்குப் போக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஆற்றோரமாக நடந்து பாலத்தில் ஏறுவது. இன்னொன்று, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் சரிவில் இறங்குவது. மழைக்காலத்தில் அந்த வழியில் உட்கார்ந்தபடிதான் இறங்க முடியும். மூன்றாவது, மேல் மலையைச் சுற்றிக்கொண்டு போவது. நான் என் வாழ்க்கையில் பாதியை இந்த மூன்று வழிகளில் நடந்தே கழித்தவன். அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. என் வயதுக்காரர்கள் முட்டி வலி என்று மடுல்சீமைக்கும் பதுளைக்கும் மருந்துக்கு அலைகிறார்கள். எனக்கு முட்டி இரும்பு மாதிரி இருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் நான் ஐந்தாம் வகுப்பில் பட்ட ஓர் அடி.

அப்போது எங்களுக்கு வாத்தியாராக ஒரு சேர் இருந்தார். தூரத்து ஊரிலிருந்து வந்தவர். அவர் குரல் போல ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. காலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்று அவர் தேவாரம் பாடினால், கீழ் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். கங்காணி சத்தம் போட்ட பிறகுதான் மறுபடி கை ஓடும். என் அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருத்தி. "சேர் பாடுனா கூடை கனமே தெரியல" என்று சொல்வாள்.

ஒரு நாள் காலை அவர் என்னைத் தனியாகப் பாடச் சொன்னார். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வரவில்லை. நான் இயல்பிலேயே கூச்சக்காரன். நாலு பேர் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். அன்று பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. சேர் கையை நீட்டச் சொன்னார். கொய்யாக் கம்பு. ஒவ்வோர் அடிக்கும் "அடுத்த வரி" என்று கேட்டார். அடி விழ விழ அந்த வரி எனக்கு இன்னும் தூரமாகப் போனது. கடைசியில் அடி மணிக்கட்டில் விழுந்து, உள்ளே ஏதோ சுள்ளி முறிவது போலச் சத்தம் கேட்டது. நான் சேரைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தேன். சரஸ்வதி வீணையை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது.

அப்பா பயந்தார். "சேர்கிட்ட யாரு போய்ப் பேசுறது? தோட்டமே அவருக்கு மரியாத குடுக்குது" என்றார். அம்மா அவரோடு வாதாடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு மேல் மலைக்கு ஏறினாள். அங்கே ஒரு மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். கல்லும் ஒரு சூலமும்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைப்பார்கள். பார்த்தால் முரட்டுச் சாமி. ஆனால் யாரையும் அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மற்ற அம்மாக்கள் நேர்த்தி வைத்தால் சேவல் தருகிறேன், மொட்டை போடுகிறேன் என்பார்கள். என் அம்மா இருந்த ஆத்திரத்தில் வேறு மாதிரி வைத்தாள்.

"ஐயா, எம்புள்ள கை நல்லாப் போச்சுன்னா, அவன் உசுரு இருக்கிற வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்து மண்ண மிதிக்க மாட்டான். இது சத்தியம்."

கை நல்லாகிவிட்டது. தோட்டத்து மருத்துவர் கட்டிய கட்டினாலா, முனியாண்டியாலா என்று அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. என் படிப்பு அத்துடன் முடிந்தது. அந்தச் சேரும் கொஞ்ச காலத்தில் மாற்றலாகித் தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். நேர்த்தி மட்டும் மாற்றலாகிப் போகவில்லை.

நான் வளர்ந்தேன், வேலைக்குப் பேர் பதிந்தேன், கலியாணம் செய்தேன், அம்மாவை அடக்கம் செய்தேன். பள்ளிக்கூடத்து மண்ணை மிதிக்கவில்லை. இது எவ்வளவு சிரமம் என்பது இப்படி ஒரு நேர்த்தி உள்ளவனுக்குத்தான் தெரியும். தோட்டத்தில் எது நடந்தாலும் பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். வோட்டுப் பெட்டி அங்கேதான் வைப்பார்கள். அதனால் நான் இதுவரை யாருக்கும் வோட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு கட்சிக்காரரும் நான் அடுத்த கட்சிக்காரன் என்று நினைத்து வருத்தப்படுவார்கள். கொரோனா ஊசியையும் அங்கே வைத்துத்தான் போட்டார்கள். நான் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். ஊசி போடுகிற மிஸ்ஸி சிங்களப் பெண். விஷயத்தை யாரோ அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, கேட்டுத் தூணில் என்னைச் சாய்த்து வைத்து ஊசி போட்டார். பிறகு கல்லும் சூலமும் இருக்கிற திசையைக் கேட்டு அந்தப் பக்கம் ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

இதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. வாக்குத் தவறாத மனிதன் என்று பெயர் வந்தது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சண்டை வந்தால், "அந்தாளு சொன்னா சாமி சொன்ன மாதிரி" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் கூச்சத்தில் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். அதைப் பார்த்து அவர்களே வெட்கப்பட்டுச் சமாதானமாகிவிடுவார்கள். கோவில் திருவிழாவில் தேவாரம் பாடத் தொடங்கினால் எனக்கு முதுகு வேர்க்கும். மெதுவாக வெளியே வந்து செருப்புகளுக்குக் காவலாக நிற்பேன். "என்ன பணிவு பாரு" என்பார்கள்.

உண்மை எனக்கு மட்டும் தெரியும். நேர்த்தி இல்லாவிட்டாலும் நான் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன். பயம். மீசை நரைத்த பிறகும் அதே பயம். முனியாண்டி அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்தாள். என் மனைவிதான் பிடிவாதமாகச் சேர்த்தாள். பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் அவள்தான் போவாள். பரிசு வழங்கும் நாளில் நான் மேட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று பார்ப்பேன். மகள் மேடையில் ஏறியதும் என் பக்கம் பார்த்துப் பரிசைத் தூக்கிக் காட்டுவாள். செடிக்குள்ளிருந்து நான் கையைத் தூக்குவேன். பிறகு அவள் பதுளையில் படித்தாள், கல்வியியற் கல்லூரிக்குப் போனாள், டீச்சரானாள். நியமனம் கிடைத்தது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே. முதலாம் வகுப்பு.

அன்று லயமே எங்கள் காம்பரா வீட்டுக்குள் வந்துவிட்டது. மனைவி பெரிய சட்டியில் கேசரி கிண்டினாள். நான் சந்தோஷத்தில் எல்லாருக்கும் இரண்டு தடவை தேத்தண்ணி கொடுத்தேன்.

ஒன்பது இரவுப் பூசை தொடங்குகிற சமயத்தில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, விஜயதசமி அன்னைக்கு லயத்துச் சின்னப் புள்ளைகளுக்கு அரிசியில எழுத்துத் தொடங்கி வைக்கிறோம். நான்தான் செய்யணும்னு பள்ளிக்கூடத்து அதிபர் சொல்லிட்டாரு. மொத மொதல்ல செய்யிறேன். நீங்க வரணும்."

"மேட்டுல நிப்பேன்ல?"

"மேட்டுல இல்லப்பா. உள்ள. என் வகுப்புல."

"நேர்த்தி இருக்கே, தாயி."

"சாமிகிட்டக் கேப்போம். கேட்டா என்ன, கடிச்சா தின்னுடுவாரு?"

மனைவி உள்ளேயிருந்து, "நானும் அதத்தான் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து சொல்றேன். எங்க கேக்குறாரு?" என்றாள்.

அடுத்த நாளே பூசாரியைக் கூட்டிக்கொண்டு மேல் மலைக்குப் போனோம். பூசாரி எனக்கு மாமா முறை. முனியாண்டியோடு அண்ணன் தம்பி மாதிரி பேசுகிறவர். செய்த நேர்த்தியை விடலாமா என்று அறிய எங்கள் பக்கம் பூக் கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெள்ளைப் பூவை இன்னோர் இலையிலும் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. அம்மா கண்ணீரோடு வைத்த நேர்த்தி. முனியாண்டி அப்படி லேசில் விடுகிற ஆள் இல்லை. சிவப்பு வரும், மகளுக்கு ஆறுதல் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

மகள் கைதட்டினாள்.

"மூணு தடவ கேக்கணும் மாமா," என்றேன்.

"கேட்டாப் போச்சு."

மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவை நானே இலைகளை இறுக்கிக் கட்டி, மாற்றி மாற்றிப் போட்டேன். அதுவும் வெள்ளை.

"இன்னொரு தடவ..."

"ஏன் மாப்ள, சாமிக்கு வேற சோலி இல்லையா?" என்றார் பூசாரி. "இத்தன வருசமா ஒங்காவலுக்கு நின்னு அவருக்கும் சலிச்சுப் போச்சு போல. போடான்னுட்டாரு."

மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். பூசாரி கல்லின் பக்கம் காதை வைத்துக் கேட்பது போல நின்றுவிட்டுச் சொன்னார்.

"ஆனா சும்மா விட மாட்டாராம். நேர்த்தியத் திருப்பி வாங்குனா, அதுக்குப் பதிலு ஒண்ணு செய்யணும். புள்ளைக எழுதுற அரிசி இங்க இருந்து போகணும். லயத்துல வீட்டுக்கு ஒரு கைப்பிடி வாங்கி, தாம்பாளத்துல வச்சு, நீயே தலையில சொமக்கணும். தலையில ஏத்துனா அங்க போய்த்தான் எறக்கணும். நடுவுல எறக்கப்படாது. தொணைக்கு முனியாண்டியும் வருவாரு."

"சாமி எப்படி வருவாரு தாத்தா?" என்று மகள் கேட்டாள்.

"சூலத்துல ஒரு எலுமிச்சம்பழம் குத்தி நான் பிடிச்சிட்டு வருவேன். அவரு சுருட்டும் வரும்."

"ஐயோ, பள்ளிக்கூடத்துக்குள்ள சுருட்டுக் கொண்டு வரப்படாது தாத்தா. சுற்றறிக்கை இருக்கு. அதிபர் ஏசுவாரு."

"சாமிக்கே சட்டமா?"

"சாமியா இருந்தாலும் கேட்டுக்கு வெளியதான்."

அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசி, சுருட்டைக் கேட்டுத் தூணில் வைத்துவிட்டுச் சாமி மட்டும் உள்ளே வருவது என்று முடிவு செய்தார்கள்.

இறங்கி வரும்போது மகள் என்னோடு பின்தங்கி நடந்தாள்.

"அப்பா, உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?"

"இருக்கு."

"முகத்துல காணோமே."

மூடியிருந்த போர்வையைச் சாமியே உருவிவிட்டார். இனி எதற்குள் ஒளிவது?

"பயமா இருக்கு தாயி," என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் சிரிக்கவில்லை. "என் வகுப்புல கம்பே இல்லப்பா," என்றாள்.

"எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியாதே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். லயம் வரும்வரை விடவில்லை. வருகிறீர்களா என்று திரும்பக் கேட்கவும் இல்லை. அவள் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்காததால் போயே தீர வேண்டும் என்றாகிவிட்டது. நான் போகாவிட்டால், அவள் வாழ்நாள் முழுக்க மேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று தோன்றியது.

விஜயதசமி காலையில் மேல் மலையெல்லாம் பனி மூடியிருந்தது. வீட்டுக்கு ஒரு கைப்பிடி என்றுதான் சொன்னது. ஆளுக்கு ஆள் அள்ளிக் கொட்டித் தாம்பாளம் குவிந்துவிட்டது. வெள்ளையரிசி, சிவப்பரிசி, யாரோ போட்ட சம்பா, எல்லாம் கலந்து கிடந்தது. அதைத் தூக்கிப் பூசாரி என் தலையில் வைத்தார். முன்னால் தப்பு அடிக்கிறவன் என் கூட்டாளி. என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தவன். அன்று பிரார்த்தனையில் எனக்குப் பின்னால் நின்றவனும் அவன்தான்.

"மச்சான், வாங்குன அடிக்குக் கணக்குப் பாத்தா நான் பள்ளிக்கூடத்துலயே குடியிருக்கணும்டா. ஒனக்கு விழுந்தது ஒரு நாளு. எனக்குத் தெனமும்," என்றான்.

"ஒந்தோலு வேற, எந்தோலு வேற."

"ஆமா, எந்தோலத்தான் இப்பத் தப்புல கட்டியிருக்கேன்," என்று சொல்லி ஓங்கி ஒரு அடி அடித்தான். எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். நேர் வழியில். அந்த வழியில் இப்போது ஒரு தண்ணீர்ப் பீலி இருக்கிறது, அதன் பக்கத்தில் காட்டுச் சூரியகாந்தி பூத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்குப் புதினமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக் கேட் வந்தது. என் கால் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். சாமி வந்துவிட்டது என்று நினைத்து யாரோ குலவை போட்டார்கள். கூட்டாளி இன்னும் வேகமாகத் தப்பை அடித்தான். பூசாரி சுருட்டைத் தூணில் வைத்துவிட்டு, "வா மாப்ள," என்றார். உள்ளே வகுப்பு வாசலில் என் மகள் நின்றாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். வா என்று கையைக் காட்டவில்லை. வெறுமனே நின்றாள். சின்ன வயதில் மேடையில் பரிசோடு நின்றது போலவே முகம்.

என் முதுகு நனைந்தது. வேர்வை என்று நினைத்தேன். மழை.

முதலில் தூறல், பிறகு பெரிய பெரிய துளி. மனைவி குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடிக்கப் பார்த்தாள். தாம்பாளத்தின் உயரத்துக்கு அவள் கை எட்டவில்லை. குதித்துக் குதித்துப் பிடித்தாள்.

"ஏங்க, அரிசி நனையுதுங்க!"

கூட்டாளி தப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "தப்பு நனைஞ்சாச் சத்தம் வராதுடா, போடா!" என்றான்.

பின்னாலிருந்து பத்தாம் நம்பர் காம்பரா அக்கா கத்தினாள். "எம்பேத்தி எழுதுற அரிசி! அது மட்டும் நனையட்டும், ஒன்னய முனியாண்டி விட்டாலும் நான் விட மாட்டேன்!"

கீழே இறக்கவும் முடியாது. திரும்பி ஓடினாலும் நனையும். நூறு வீட்டு அரிசி என் தலையில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கம்பும் ஞாபகம் வரவில்லை, தேவாரமும் ஞாபகம் வரவில்லை. கூரை எங்கே இருக்கிறது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஓடினேன். இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, என் மகளையே இடிக்கப் பார்த்து, உள்ளே போய் நின்றேன். என் பின்னாலே லயம் முழுவதும் ஓடி வந்தது. சூலத்தோடு பூசாரியும் ஓடி வந்தார்.

குனிந்து பார்த்தபோது என் சேற்றுக் கால் இரண்டும் சீமெந்துத் தரையில் இருந்தன.

அதிபரும் மகளும் சேர்ந்து தாம்பாளத்தை இறக்கினார்கள். மேலே கொஞ்சம் ஈரம். அக்கா விரலை விட்டுக் கிளறிப் பார்த்து, "அடியில காஞ்சுதான் இருக்கு. தப்பிச்ச," என்றாள்.

நான் அன்று அடி வாங்கிய இடத்தைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மண்டபத்தை நடுவில் சுவர் வைத்து வகுப்புகளாக்கியிருந்தார்கள். சுவர் முழுக்க யானையும் அன்னாசியும் வரைந்திருந்தது. படம் இருந்ததாக நான் நினைத்த மூலையில் ஓர் அலுமாரி நின்றது. அதன் மேல் பிள்ளைகள் செய்த மண் வாத்துகள். இத்தனை காலமும் எனக்குள் அப்படியே இருந்த இடத்தை வெளியே யாரோ சத்தமில்லாமல் இடித்துக் கட்டி, வாத்தும் வைத்துவிட்டார்கள்.

சரஸ்வதி புதுப் படத்தில் மாலையோடு இருந்தாள். நான் அவளை நேராகப் பார்த்தேன். கேட்க நினைத்திருந்த கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பதற்குள் தேவாரம் தொடங்கிவிட்டது.

அதே தேவாரம். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பாடினார்கள். நான் கதவைப் பார்த்தேன். கதவடியில் மழைக்கு ஒதுங்கியவர்கள் நெருக்கி நின்றார்கள், செருப்புக் காவலுக்குப் போக வழியில்லை. அதனால் பாட்டைக் கேட்டேன். முதல் வரியை எல்லாரும் சத்தமாகப் பாடினார்கள். இரண்டாம் வரியில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தி மூன்றாம் வரிக்குத் தாவினாள். முன்வரிசையில் பல் விழுந்த ஒருத்திக்கு வார்த்தையே தெரியவில்லை. ராகத்தை மட்டும் "லா லா" என்று எல்லாரையும் விட உரக்கப் பாடினாள். என் மகள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை அதை வாங்கிக்கொள்ளாமல் "லா லா" என்றே முடித்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரஸ்வதி சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அதில் எனக்குக் குறை தெரியவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு எழுத்து. மகள் ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தாள். ஒரு பையன் எழுதி முடித்ததும் எழுதிய அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அக்காவின் பேத்தி எழுத மாட்டேன் என்று அழுது, பிறகு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதாள்.

நானும் கூட்டாளியும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் உட்காரும் வாங்கு, முட்டி நெஞ்சில் இடித்தது. அரிசியைத் தின்ற பையன் யாருடைய மகன் என்று அவன் என் காதில் கேட்டான். நான் சொன்னேன். அந்தப் பையனின் அப்பனும் சின்ன வயதில் கரும்பலகைச் சோக்கட்டி தின்றவன்தானே என்றான். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. யார் வீட்டுக் கொய்யாவை எப்படித் திருடினோம், யாரை நாய் துரத்தியது, பாலத்தடியில் மீன் பிடிக்கப் போய் யாருடைய காற்சட்டை ஆற்றோடு போனது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான்தான் அதிகம் பேசினேன். எப்போது குரல் உயர்ந்தது என்று தெரியாது. காற்சட்டைக் கதையில் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது வகுப்பு அமைதியாக இருப்பதைக் கவனித்தேன்.

மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால யாரு அது, பேசிக்கிட்டே இருக்கிறது?"

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள், தாய்மார், அதிபர், சூலத்தோடு பூசாரி, எல்லாரும்.

நான் எழுந்து நின்று கூட்டாளியைக் காட்டினேன். "இவன்தான் டீச்சர்."

"பொய் டீச்சர்! இவன்தான்!" என்று அவன் கத்தினான்.

"ரெண்டு பேரும் வாயில விரல வைங்க," என்றாள் மகள். சொல்லி முடிக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பல் விழுந்த பிள்ளை எழுந்து வந்து, எப்படி வைப்பது என்று எனக்குச் செய்து காட்டினாள். நானும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம்தான். காற்சட்டைக் கதை பாதியில் நின்றிருந்தது. கூட்டாளி என் விலாவில் இடித்து, "அப்புறம் என்னடா ஆச்சு?" என்றான்.